எண்பத்தைந்தாம் நாள்

வரதன் பையைத் தூக்கிக் காட்டியதும் ஆக்னஸின் கையிலிருந்த கதிர்வீச்சு மீட்டர் கடகடவென்று அடித்துக்கொண்டது. அவர் இரண்டடி பின்வாங்கினார்.

பைக்குள் செத்த எலிகள். ஆராய்ச்சிக்காகக் கதிர்வீச்சு அயோடின் ஏற்றப்பட்டவை. எண்பது நாள் ஃப்ரீசரில் கிடந்தால் அதன் வீரியம் அடங்கிவிடும். மீட்டர் சும்மா இருந்தால் எரிக்க அனுப்பலாம். இன்று எண்பத்தைந்தாம் நாள்.

"அடுத்த பை" என்றார் ஆக்னஸ். சென்னீர்குப்பத்து ஆய்வகத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அவர் பொறுப்பு.

விலங்குக்கூடத்து ஒப்பந்த ஊழியர் வரதன், இரண்டாவது பையை நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்தார். மீட்டர் அதேபோலக் கத்தியது. மூன்றாவதற்கும்.

மீட்டரை அணைத்துவிட்டு ஆக்னஸ் காவ்யாவைப் பார்த்தார். பைகளில் தேதி எழுதிய ஆராய்ச்சி மாணவி அவள்தான்.

"தேதிய மாத்தி எழுதினியா?"

"இல்ல மேடம்."

"அப்ப மீட்டர் பொய் சொல்லுதா? காலைல கூட செக் பண்ணேன். கமிட்டிக்கு எழுதறேன். உன் பிஎச்டி அவ்வளவுதான்."

காவ்யா அழவில்லை. நாலு வருஷ உழைப்பு. தரையில் சிந்தியிருந்த ஐஸ் துணுக்கு கரைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரதன் சுவரோரம் ஒதுங்கி நின்றார். ஒரு வார லீவு முடிந்து வந்ததிலிருந்தே அப்படித்தான். கேன்டீனில்கூடத் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட்டார். மனைவியும் சின்ன மகளும் அண்ணனூரில் மச்சான் வீட்டில் இருந்தார்கள். குடும்பத்தில் சண்டை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஆக்னஸ் மெயிலை அடித்து முடித்தார். "கடைசியா கேக்கறேன். அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க மேடம். நான் சரியாத்தான் எழுதினேன்." காவ்யாவின் குரலில் உயிரே இல்லை.

"அத்த அனுப்பாதீங்க மேடம்" என்றார் வரதன். மூன்று பைகளையும் மேஜைமேல் வைத்தார். "நான் அப்பால போறேன். இப்ப பைய மட்டும் பாருங்க."

கதவைத் தாண்டி, நடைபாதையின் கோடிவரைக்கும் போய் நின்றார்.

ஆக்னஸ் மீட்டரைப் போட்டார். முதல் பை. சத்தமில்லை. இரண்டாவது, மூன்றாவது. எதிலும் இல்லை.

"என்ன வரதன் இது?"

அவர் மெதுவாக உள்ளே வந்தார். மேஜையை நெருங்குவதற்கு முன்பே மீட்டர் கத்தத் தொடங்கியது.

"வேல பூடும்னுதான் மேடம் சொல்லல." சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். முகத்தில் சலனமே இல்லை. "கழுத்துல கேன்சர். எலிக்குக் குட்த்த மருந்தத்தான் போன வாரம் எனக்கும் குட்த்தாங்க."