குழி மூடுவதற்கு முன்

பச்சைச் சாயம் கலந்த தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றியாகிவிட்டது என்று வீட்டுக்கார அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

வெளியே நாங்கள் எல்லோரும் திறந்து கிடந்த மேன்ஹோலைச் சுற்றிக் குனிந்து நின்றோம்.

பச்சைத் தண்ணீர் இங்கே வந்தால் என் தம்பியின் லைசென்ஸ் தப்பும். எதிர்ப்பக்கத்து மழைநீர்க் கால்வாயில் வந்தால் குழாயைத் தப்பான இடத்தில் சேர்த்துவிட்டான் என்று அர்த்தம்.

ஏற்கெனவே இந்த வேலையில் இரண்டு முறை பெயில். மூன்றாவது முறையும் பெயிலானால் லைசென்ஸை ரத்து செய்துவிடுவார்கள்.

குழி வெட்டி லைன் போடுவது அவன். ஆபீஸ் ஆபீசாக ஏறி பெர்மிட் வாங்குவது அக்காவாகிய நான். அவன் பரீட்சை எழுதி, நாய் படாத பாடு பட்டு வாங்கிய லைசென்ஸ் அது. கைக்கு வந்த மறுநாளே வேனில் 'உரிமம் பெற்ற குடிநீர், கழிவுநீர் ஒப்பந்தக்காரர்' என்று கொட்டை எழுத்தில் எழுத வைத்துவிட்டான். அந்த எழுத்தை அழிக்கும் நாள் வரக் கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை.

முதல் முறை குழாய்க்குச் சரிவு போதவில்லை என்றார் சோதனைக்கு வந்த அதிகாரியம்மா. ரசமட்டத்தை வைத்தும் காட்டினார். இரண்டாம் முறை ஒரு ஜாயிண்டில் கசிவு என்றார். என் கண்ணுக்கு அது குழாயின் வேர்வை மாதிரிதான் இருந்தது. அவரோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். வேலை நேரத்தில் எங்களிடம் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

இரண்டாவது பெயிலுக்குப் பிறகு என் தம்பி குழியை விட்டுத் தலையையே நிமிர்த்தவில்லை.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல் வேறு. போன மாதம் அம்மாவும் நானும் இவனுக்குப் பெண் கேட்டுவிட்டு வந்திருந்தோம். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அதோடு சரி, கிணற்றில் போட்ட கல். லைசென்ஸும் போய்விட்டால் அப்புறம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

மேன்ஹோலில் தண்ணீர் நிறமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கால்வாய்ப் பக்கம் காவலுக்கு நின்ற பால்காரர், இங்கேயும் ஒன்றும் காணோம் என்றார். தண்ணீருக்குக்கூட நம் மேல் இரக்கமில்லை என்று நினைத்தேன்.

அப்போது இலேசாக ஒரு நிறம். அப்புறம் பச்சைப் பசேலென்று மளமளவென வந்தது.

தெருவே கைதட்டியது. எதற்கென்று தெரியாமல் சைக்கிளில் போனவர்கூட இறங்கித் தட்டினார். குழியிலிருந்து என் தம்பி மேலே ஏறி வந்து, தேர்தலில் ஜெயித்தவன் போலக் கும்பிட்டான்.

அதிகாரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. பச்சை வெளுக்கும் வரை டார்ச் அடித்துப் பார்த்தார். கால்வாயையும் போய்ப் பார்த்தார். பிறகு, குழியை மூடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

நான் நன்றி சொன்னேன். அவர் கிளம்பவில்லை. பேனாவைப் பைக்குள் வைத்து மூடினார். வீட்டுக்கார அம்மா நீட்டிய தண்ணீர்ச் செம்பை வாங்கி மடமடவென்று குடித்தார்.

"அண்ணி, உங்க அடுத்த வேலைக்கு வேற ஆள்தான் வருவாங்க. சொந்தக்காரங்க போடுற லைனை நான் பார்க்கக் கூடாது."

அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

நாங்கள் பெண் கேட்டதற்கு ஒரு மாதமாக ஏன் பதில் வரவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சோதனையை முடிக்காமல் சொந்தம் கொண்டாடக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள், என் தம்பி பெண்டாட்டியாகப் போகிறவள்.

திரும்பித் தம்பியைப் பார்த்தேன்.

அவன் குழிக்குள் இறங்கிக் குனிந்த தலை நிமிராமல், மூட வேண்டிய மண்ணை வெளியே அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.