பத்தடிக்குத் தாங்குற முகம்

"ஆதார் கார்டுல இருக்க போட்டோவப் பெருசு பண்ணி வச்சிராதீங்க தம்பி. அதுல நான் ஆடு திருடுனவன் மாதிரி இருக்கேன்" என்றார் வன்னியபெருமாள்.

பாண்டிராஜுக்கு இது புதிதில்லை. கோவில்பட்டியில் போட்டோ ஸ்டுடியோவும் பிளக்ஸ் போர்டும் சேர்த்து நடத்துகிறவனிடம், மூக்கைச் சிந்திக்கொண்டே, அஞ்சலி போர்டுக்கு என்று ஆதார் கார்டை நீட்டுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் போகப்போகிறவரே தலைக்கு டை அடித்து, சலவைச் சட்டை போட்டு நேரில் வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. பக்கத்து நாற்காலியில் சங்கரம்மாள், மடியில் கைப்பையோடு.

"பஸ் ஸ்டாண்டு முன்னால ஒரு போர்டு, இடைசெவலுக்குத் திரும்புற விலக்குல ஒரு போர்டு. பத்தடி உயரம். ரெண்டு பேரும் ஒரே போட்டோவுல இருக்கணும்" என்றார் வன்னியபெருமாள்.

"ரெண்டு பேருமா?"

"ஆமா. பின்ன என்ன, தனித்தனியாவா?"

சிக்கனக்காரர் என்று நினைத்துக்கொண்டான் பாண்டிராஜ். போன மாதம் கடன் வாங்கி எடுத்த மிரர்லெஸ் கேமராவைத் துணியால் துடைத்து, அவர் முகத்தை மட்டும் ஒன்று எடுத்துத் திரையில் காட்டினான். ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. அவனுக்கே பெருமையாக இருந்தது.

வன்னியபெருமாளுக்கு முகம் செத்துவிட்டது. "என்ன தம்பி, கோடையில கரிசக்காடு வெடிச்சுக் கெடக்க மாதிரில்லா இருக்கு?"

"கேமரா உள்ளதத்தானே காட்டும் அண்ணாச்சி. வேணும்னா கம்ப்யூட்டர்ல வழவழன்னு ஆக்கித் தாரேன்."

"வேண்டாம். எங்க சம்மந்தகாரருக்கு அப்படித்தான் பண்ணுனாங்க. கும்பிட வந்தவன்லாம் இது யாருன்னு கேட்டான்." அவர் கண் கண்ணாடி அலமாரிக்குப் போனது. "அங்கன ஒரு சின்னக் கேமரா இருக்கே, அதுல எடுங்க."

சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிற அளவில் பழைய டிஜிட்டல் கேமரா. பாண்டிராஜ் வேண்டாவெறுப்பாகத் தூசி தட்டி எடுத்தான். அதில் சுருக்கமெல்லாம் மங்கி, ஆள் பத்து வயது குறைந்து சிரித்தார்.

"இது முகம்" என்றார் வன்னியபெருமாள்.

பாண்டிராஜ் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பத்தடி அளவுக்கு இழுத்துக் காட்டினான். மூக்கு, கடலைமிட்டாய்த் துண்டு மாதிரி கட்டம் கட்டமாகப் பிரிந்தது. மீசை எங்கே தொடங்குகிறது, உதடு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

"அப்ப, சின்னதுல எடுத்தா நான் மனுசன் இல்ல. பெருசுல எடுத்தா கெழவன்." அவர் பக்கத்தில் திரும்பினார். "நீங்க என்ன சொல்லுதீங்க?"

இந்த வயதிலும் பெண்டாட்டியை 'நீங்க' என்கிறாரே என்று பாண்டிராஜ் ஆச்சரியப்பட்டான். அவன் வீட்டில் 'ஏட்டி'யைத் தாண்டி மரியாதை நகர்ந்ததில்லை.

"பெரிய கேமராவுலயே எடுக்கட்டும்" என்றார் சங்கரம்மாள். "நம்ம வயசு ஊருக்குத் தெரியாதாக்கும். மறைச்சு மறைச்சு என்னத்தக் கண்டோம்."

அதோடு வழக்கு தீர்ந்தது. பாண்டிராஜ் விளக்குகளைத் திருப்பி வைத்தபடி, ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னான்: "இப்பவே எடுத்து வச்சுக்கிடதும் நல்லதுதான். ஆனா அதுக்கு இன்னும் எவ்வளவோ காலம் கெடக்கு அண்ணாச்சி."

"காலமா? வார வெள்ளிக்கிழம."

பாண்டிராஜின் கை கேமராவிலேயே நின்றுவிட்டது. "வெள்ளிக்கிழமன்னு எப்படி..."

"முடிவு பண்ணியாச்சு. ரெண்டு பேரும் சேந்து எடுத்த முடிவு."

"பிள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். மகன் பேச்ச நிறுத்திட்டான். மக அழுதுக்கிட்டுக் கெடக்கா. ரெண்டு நாளு அழுவாங்க, பொறவு சரியாயிரும்."

பாண்டிராஜ் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான். அவர் வாங்காததால் தானே குடித்தான். "எதுன்னாலும் பேசித் தீத்துக்கலாம் அண்ணாச்சி. எனக்குத் தெரிஞ்ச நல்ல டாக்டர் இருக்காரு."

"டாக்டரையும் பாத்தாச்சு. சுகரு கொஞ்சம், பிரஷரு கொஞ்சம். தாங்கும், தைரியமாச் செய்யுங்கன்னுட்டாரு."

எந்த டாக்டர் இப்படிச் சொல்வான் என்று பாண்டிராஜ் திகைத்துப்போய்ச் சங்கரம்மாளைப் பார்த்தான். "அம்மா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"நான்தான் தம்பி மொதல்ல சொன்னேன்" என்றார் சங்கரம்மாள். "எத்தன வருசத்துக்கு இப்படியே கெடக்க? போதும்னு ஆயிருச்சு."

இனிப் பேசிப் பயனில்லை. போட்டோவை இழுத்தடித்து எடுப்போம், இவர்கள் வெளியே போனதும் போலீசுக்குப் போன் போடுவோம் என்று பாண்டிராஜ் முடிவு கட்டினான்.

"கொஞ்சம் நெருங்கி உக்காருங்க."

சங்கரம்மாள் ஒரு விரற்கடை நகர்ந்தார். வன்னியபெருமாள் அதுவும் நகரவில்லை. கழுத்து வேர்த்து, அப்போதுதான் கட்டிவைத்த புதுக் காரைச் சுவர் மாதிரி விறைத்து இருந்தார். பாவம், பயம் இல்லாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டான் பாண்டிராஜ். எடுத்த படத்தில் ரெண்டு முகமும் சுருக்கம் சுருக்கமாக, அத்தனை தெளிவாக, அத்தனை அழகாக இருந்தது வேறு அவனைப் படுத்தியது.

வழக்கமான டிசைனைத் திறந்து படத்தைப் பொருத்தினான். சுற்றிலும் கறுப்பு பார்டர், இரண்டு ஓரத்திலும் எரிகிற விளக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேல என்ன வாசகம் போடணும்?" என்று கேட்டான்.

சங்கரம்மாள் எழுந்து வந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"எங்க கல்யாண போர்டுக்குக் கறுப்பு பார்டர் எதுக்கு தம்பி?"