இரண்டு இடத்தில் குமிழி

"ஜோடியைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு நீ பாட்டுக்கு எங்கய்யா போன?"

ஸ்கூபா பயிற்சி நிலையத்தின் முதலாளி கேட்ட கேள்விக்கு மீசை வாய் திறக்கவில்லை.

மீசை என்றால் அங்கே தலைமைப் பயிற்சியாளர். மீசை வைத்தவன் மாஸ்க் போட்டால் இடுக்கு வழியாகத் தண்ணீர் புகும். அது தெரிந்தும் எடுக்கமாட்டேன் என்று அடம்பிடித்து, தினமும் வாஸ்லின் தடவிக்கொண்டு கடலில் இறங்குகிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நடந்தது இதுதான். காலையில் ஒரு வாடிக்கையாளர் படகிலிருந்து கேமராவை நழுவவிட்டுவிட்டார். அதை எடுத்துவர மீசையும் முதலாளியின் மருமகனும் இறங்கினார்கள். ஜோடியாக இறங்கி ஜோடியாகவே ஏறினார்கள். கேமராவும் கிடைத்தது. மீசையின் முழங்கையில் மட்டும் நல்ல சிராய்ப்பு.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த படகோட்டி சும்மா இருந்திருக்கலாம். இருவரின் காற்றுக் குமிழியும் இரண்டு இடத்தில் வந்தது, மாப்பிள்ளையுடையது படகுக்கு அடியிலேயே, மீசையுடையது எங்கேயோ தூரத்தில் என்று வெள்ளந்தியாக முதலாளியிடம் சொல்லிவைத்தான்.

தோண்டித் துருவியதில் மற்றதும் வெளியே வந்தது. மீசை அடியில் கிடந்த பழைய மீன்வலையில் சிக்கியிருக்கிறார். கத்தியால் அறுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது சிலிண்டரில் காற்று கிட்டத்தட்ட காலி.

முதலாளிக்கு வந்ததே கோபம். 'தனியாக இறங்காதே' என்பது அந்த நிலையத்தின் வேதவாக்கு. சுவரில் எழுதியிருக்கும், பனியனில் அச்சடித்திருக்கும், டீ குடிக்கிற கோப்பையில்கூட இருக்கும். எல்லாம் முதலாளியின் சொந்தச் சரக்கு.

மீசையைத் தன் அறைக்குக் கூப்பிட்டு விசாரித்திருக்கலாம். ஆனால் கேட்க நாலு பேர் இல்லாவிட்டால் முதலாளிக்குப் பேச்சு வராது. வகுப்பறைக்கே வரவழைத்தார். புது மாணவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மருமகன் கடைசி பெஞ்சில் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"பிள்ளைங்களா, நல்லா பாத்துக்கங்க. வலையில மாட்டினா அறுத்துவிட இன்னொரு கை வேணும். உன் காத்து தீர்ந்துட்டா பக்கத்துல இருக்கறவன் காத்துதான் உனக்கு உயிர். அதுக்குத்தான் ஜோடி. இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆயிருந்தா இவர் பெண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது? சரி, அங்க தனியா நின்ன என் மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா?"

மீசை தப்பு தப்புதான் என்பதுபோல் நின்றார். ஐம்பதைத் தொடுகிற வயது. கடலுக்கு அடியில் வேலை செய்வதைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஜோடியை விட்டுவிட்டுப் போனவன் என்று பெயர் கெட்டால் எந்த நிலையமும் வாசலில்கூட நிற்கவிடாது. அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

முதலாளி விடுவதாக இல்லை.

"எனக்கு முட்டிவலி வர்ற வரைக்கும் உனக்கு யாரு ஜோடி? நான்தானே? ஒரு நாளாவது உன்னை விட்டுட்டுப் போயிருக்கேனா? சொல்லு."

"இல்ல முதலாளி," என்றார் மீசை. "நீங்க எங்கயும் போனதில்ல."

"கேட்டுக்கிட்டீங்களா? அதுக்குப் பேருதான் ஒழுக்கம்."

மாணவர்களில் ஒருத்தி குறிப்பு எடுத்துக்கொண்டாள்.

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு சொன்னார். மீசை இன்றோடு வீட்டுக்குப் போகலாம். அவர் இடத்துக்கு மருமகன் வருகிறார். மருமகன் நீச்சல் குளத்திலேயே எல்லாத் தேர்விலும் முதலாவதாக வந்தவர். நாளைக் காலை இந்த மாணவர்களை ஆழ்கடலுக்குக் கூட்டிக்கொண்டு இறங்கப்போவது அவர்தான்.

மாணவர்கள் கை தட்டினார்கள். மருமகனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

மீசை கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி மேஜையில் வைத்தார். யாரையும் பார்க்காமல் வாசல் பக்கம் நடந்தார். அதற்கு மேல் மருமகனால் தாங்க முடியவில்லை. மனசாட்சி பாதி, நாளைக் காலையை நினைத்த கிலி பாதி. எழுந்து நின்றுவிட்டார்.

"மாமா, அவரை அனுப்பாதீங்க. அவர் என்னை விட்டுட்டுப் போகல. நான்தான் அவர்கூடப் போகல."

"என்ன மாப்ள சொல்றீங்க?"

"குளத்துல அடி தெரியும் மாமா. இங்க கீழ பார்த்தா ஒரே இருட்டு. எனக்குக் கை கால் உதறிடுச்சு. நங்கூரக் கயித்தைப் பிடிச்சவன் பிடிச்சவன்தான். அவர் மேல போயிடலாம்னு சைகை காட்டினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வெறுங்கையோட ஏறினா படகுல எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே. எனக்காகத்தான் அவர் தனியா போய்த் தேடினார்."

மருமகனுக்குச் சொல்லச் சொல்ல மனசு லேசாகிக்கொண்டு வந்தது. ஒன்றையும் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்.

"கரைக்கு வந்ததும் கருவியெல்லாம் அலசுற தொட்டிகிட்ட அவரைக் கூட்டிட்டுப் போய், மானம் போயிடும், வெளிய சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினேன். அவர் என் முதுகுல தட்டிக்கொடுத்துட்டு என்ன சொன்னார் தெரியுமா மாமா? 'இதுக்குப் போய் வெட்கப்படலாமா மாப்பிள்ளை? உங்க மாமனார் என்கூட இறங்கின அத்தனை வருஷமும் இதே கயித்தைத்தான் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னார். நான் ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?'ன்னார்."