கசக்காத கற்றாழை

இன்றும் பாப்பா சப்புக்கொட்டிக் குடித்தாள்.

சசிகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மார்பெல்லாம் கற்றாழையை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றே கால் வயசுப் பிள்ளை முகத்தைக்கூடச் சுளிக்காமல் குடித்துவிட்டு, வழவழப்பு ஒட்டிய வாயோடு அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

நாளைக்குத் திங்கட்கிழமை. காலையில் வடக்குப்பட்டு முனையில் வேன் வந்து நிற்கும். செல்போன் கம்பெனியில் வேலை. நடையாய் நடந்து வாங்கியது. புட்டிப்பாலைத் தட்டிவிட்டு, சோற்றைத் துப்பிவிட்டு, இவளையே கட்டிக்கொண்டு கிடக்கிற பிள்ளையை விட்டுவிட்டு, செல்போன் பொருத்தும் லைனில் போய் எப்படி நிற்பது? பாலை மறக்கடிக்காவிட்டால் வேலை போச்சு, அவ்வளவுதான்.

பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலிப் பெண் மாரிசெல்விதான் இந்த வைத்தியத்தைச் சொன்னவள். கற்றாழையைத் தடவினால், அந்தக் கசப்புக்குப் பிள்ளை அப்புறம் கிட்டவே வராது என்றாள்.

வந்தது. வாரம் முழுக்க வந்தது.

ஊருக்கெல்லாம் உதவுகிறது இந்தக் கற்றாழை. மாரிசெல்வியோடு தங்கியிருக்கும் பெண்கள் முகத்தில் பூசுகிறார்கள், தலையில் தேய்க்கிறார்கள். எண்ணெய் தெறித்துக் கை வெந்தால் ஒரு மடலை ஒடிக்க இவள் வீட்டுத் தொட்டிக்குத்தான் ஓடி வருகிறார்கள். கடைக்குப் போனால் சோப்பு, ஷாம்பு, கிரீம் எல்லாவற்றிலும் பச்சைப் பசேலென்று அதன் படம். இவளுக்கு மட்டும் அந்தக் கழுதை கசந்து தொலைய மாட்டேன் என்கிறது.

செடியைத் திட்டினாள். பிள்ளையைத் திட்டினாள். புருஷன் நடேசனை மட்டும் திட்டவில்லை. பாவம், நைட் ஷிப்ட் முடிந்து வந்த அலுப்போடு, தினமும் கேட்காமலே மடலை வெட்டிச் சீவிக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுக்கிறான். நீ பிள்ளையைப் பார், நான் செய்கிறேன் என்பான். இப்படி ஒரு மனுஷன் யாருக்கு வாய்க்கும் என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டதுகூட உண்டு.

சாயங்காலம் மாரிசெல்வி எட்டிப் பார்த்தாள். சசிகலா அழாத குறையாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, கிண்ணத்தில் மீந்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"எக்கா, இது கசக்கவே இல்லையே. மஞ்சப் பாலு போவக் கழுவிட்டா பொறவு எங்கன கசக்கும்?"

சசிகலாவும் நக்கிப் பார்த்தாள். வெறும் தண்ணீர். கற்றாழை கசக்கும் என்று ஊரே சொல்லும்போது அதை யாராவது தின்று சோதிப்பார்களா?

தின்கிற ஆள் ஒருவன் இந்த வீட்டில் இருக்கிறான். வயிறு புண்ணாகிப்போன நாளிலிருந்து, கற்றாழைச் சோற்றை மோரில் போட்டு வெறும் வயிற்றில் குடிக்கிறவன். எத்தனை தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கசப்பு போகும் என்று வைத்தியர் சொல்லிக்கொடுத்தது அவனுக்குத்தான். பிள்ளை பாலை மறக்காவிட்டால் இவள் வேலைக்குப் போக முடியாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

சசிகலா தொட்டியிலிருந்து ஒரு மடலை ஒடித்தாள். மஞ்சளாகக் கசிந்ததை அப்படியே மார்பில் தேய்த்துக்கொண்டு, டிவி பார்த்துக்கொண்டிருந்த நடேசனுக்கு எதிரிலேயே வந்து உட்கார்ந்து பிள்ளையைக் கூப்பிட்டாள். அவன் அவள் கையிலிருந்த மடலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

பாப்பா ஓடிவந்து வாயை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள். முகம் கோணி, வீறிட்டு, மறுபக்கம் போனாள். அங்கேயும் அதே கசப்பு. அம்மாவை யாரோ போலப் பார்த்துவிட்டு, அப்பாவை நோக்கிக் கையை நீட்டினாள்.

சசிகலா பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"புடி. நாளைலேர்ந்து பகல்ல நீதான் வச்சிக்கினு இருக்கணும்."

அவன் டிவியை அணைத்துவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே பிள்ளை அம்மா அம்மா என்று அழுதுகொண்டிருந்தது. சசிகலாவும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதபடியே, நாலரை மணிக்கு அலாரம் வைத்தாள்.