இருநூறாவது வரிக்குப் பிறகு

நானும் என் வீட்டுக்காரரும் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் அச்சுக்கோத்துக் கொடுக்கிறோம். பக்கங்களாக்க ஓட்டும்போது பிழை இருந்தால் மென்பொருள் நின்றுவிடும். என்டர் தட்டினால் பிழையைத் தாண்டி ஓடும். நான் நிறுத்தித் திருத்துகிறவள். அவர் தட்டுகிறவர். அவருடைய என்டர் கட்டைக்கு வழுக்கையே விழுந்துவிட்டது.

அன்று மதியம் ஓட்டியது இருநூறே வரி உள்ள ஓர் அத்தியாயம். "வரி 201: திறந்தது மூடப்படவில்லை" என்று நின்றது.

"இல்லாத வரிக்கு என்ன பிழை? தட்டிட்டுப் போவியா!" என்றார்.

அடைப்புக்குறிகளைத் தேடினேன். எல்லாம் மூடித்தான் இருந்தன. வாசல் கதவுதான் திறந்து கிடந்தது. எரிச்சலில் அதைச் சாத்தினேன். பிழை போய்விட்டது.

வரி 202லும் அதே பிழை. குளியலறைக் குழாயை மூடினேன், போய்விட்டது. வரி 203லும் அதே. அறையைச் சுற்றிப் பார்த்தேன்.

"வாயை மூடுங்க," என்றேன். மூடினார். அதுவும் போய்விட்டது.

"வரி 204: மூடியிருக்கிறது. திறக்கப்படவே இல்லை."

மெல்லத் திரும்பினோம். எங்கள் அறைக்கு ஒரே கதவுதான். இப்போது பின்சுவரில் இன்னொன்று, சாத்தியபடி இருந்தது.

பழைய பிழை திரும்பிவிடுமோ என்று அவர் வாயைத் திறக்கவில்லை. கதவைக் காட்டினார். பிறகு, எந்தப் பிழையையும் விடாதவளான என்னைக் காட்டினார்.

"என்டரைத் தட்டுங்க," என்றேன்.

புத்தகம் பிசிறில்லாமல் வந்தது. அந்தக் கதவின்மேல் பெரிய காலண்டர் ஒன்றை மாட்டிவிட்டேன். மதிய வேளைகளில் அது சற்றே முன்னால் நகர்ந்து, மறுபடி ஒட்டிக்கொள்கிறது.

"ஃபேன் காத்து," என்கிறார் வீட்டுக்காரர். கரண்ட் போன மதியங்களிலும் அதையேதான் சொல்கிறார்.