டெமோ வகுப்பு

சாக்பீஸ் உடைந்துவிட்டது.

ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தாள். ஃபாஸ்ட். அதற்குள் உடைந்து, பாதி காலடியில் உருண்டு போனது. குனிந்து எடுப்பதா, விடுவதா? எடுத்தால் புடவை மடிப்பு கலையும். விட்டால் அலட்சியம் என்று குறித்துக்கொள்வார்கள்.

விட்டுவிட்டாள்.

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை. பக்கத்தில் பள்ளியின் தாளாளர். இந்த ஒரு பீரியட் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். இவர்களுக்குப் பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து நாத்தனாரின் கடையில் நைட்டி மடிக்க வேண்டும். நாத்தனார் அவளுக்கென்று ஸ்டூல்கூட வாங்கிப் போட்டுவிட்டாள். 

கரும்பலகையில் அவள் எழுதிய சொல்லுக்கு அடியில், சரியாக அழிபடாத பழைய எழுத்து ஒன்று லேசாகத் தெரிந்தது. அதைப் பற்றி யோசிக்க இப்போது நேரமில்லை.

ஒரே ஆங்கிலச் சொல்; விரதம் என்றும் பொருள், வேகம் என்றும் பொருள். ஓரிடத்தில் பெயர்ச்சொல், ஓரிடத்தில் வினைச்சொல், வேறிடத்தில் பெயரடை, வினையடை. வாக்கியத்துக்கு வாக்கியம் அது பார்க்கும் வேலை மாறும். டெமோவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த பாடம். சின்னது. உதாரணம் கேட்டால் பிள்ளைகள் கை தூக்குவார்கள். பின்னால் இருப்பவர்களுக்கு வகுப்பு கலகலப்பாக இருப்பதாகத் தோன்றும்.

வினைச்சொல்லாக வரும்படி ஒரு வாக்கியம் கேட்டாள்.

வகுப்பே கை தூக்கியது.

அம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருப்பார் என்றான் ஒருவன், தடுமாறாத ஆங்கிலத்தில். வேகமான ரயில், இது பெயரடை. குதிரை வேகமாக ஓடுகிறது, வினையடை. அவள் அடுத்ததைக் கேட்க வாயெடுப்பதற்குள், நோன்பு மாலையில் முடிந்தது என்று பெயர்ச்சொல்லும் வந்துவிட்டது.

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு வகுப்பு யாருக்கு அமையும்?

“எழுதிக்கோங்க.”

யாரும் எழுதவில்லை. பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. எல்லோரும் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்காக வேண்டிக்கொண்டு வந்தவர்கள் போல.

சந்தோஷம் மெல்ல இறங்கியது.

பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் ஒரு ரெட்டைச் சடை, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தது.

“பயப்படாதீங்க மிஸ். நாங்க கரெக்டா சொல்லிருவோம். போன வாரம் வந்த மிஸ்ஸுக்கும் இப்படித்தான் சொன்னோம். அதுக்கு முந்தி வந்த சாருக்கும்.”

“இதே பாடமா?”

“எல்லாரும் இதான் மிஸ் எடுப்பாங்க. நல்லாத்தான் எடுத்தாங்க. ஆனா ஒருத்தரும் திரும்பி வரல. ஜூன்லேர்ந்து எங்களுக்கு இங்கிலீஷ் மிஸ்ஸே இல்ல.”

நிமிர்ந்து பின்னால் பார்த்தாள். தலைமையாசிரியை ப்ராக்ரஸ் கார்டுகளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தாளாளர் செல்போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரத்தில் இருவரும் கரும்பலகையை ஒரு தடவையாவது பார்த்தார்களா? பார்க்க என்ன இருக்கிறது. சம்பளம் இல்லாமல் ஒரு பீரியட் ஓடுகிறது. அடுத்த வாரம் இன்னொருத்தி கஞ்சி போட்ட புடவையில் வந்து இதே சொல்லை எழுதுவாள்.

கோபம் வந்தது. வந்த வேகத்தில் பயமும் வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. ஒருவேளை, உண்மையிலேயே வேலை இருந்தால்? பேசாமல் பாடத்தை முடித்து, நன்றி சொல்லிவிட்டு இறங்கினால்?

ஸ்டூல் கண்முன் வந்து நின்றது.

சிறுமி இன்னும் அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன் பேர் என்னம்மா?”

“ரெனிட்டா மிஸ்.”

“இந்தப் புக்ல இதுவரைக்கும் யாருமே எடுக்காத பாடம் எது ரெனிட்டா?”

ரெனிட்டா யோசிக்கவே இல்லை. புத்தகத்தின் முதல் சில தாள்களை ஒதுக்கிவிட்டு, மீதி மொத்தத்தையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக் காட்டினாள்.

அவள் கரும்பலகைக்குப் போனாள். டஸ்டர் போதவில்லை. தன் பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து, தான் எழுதியதையும் அதற்கு அடியில் இருந்த பழைய ஃபாஸ்டையும் சேர்த்துத் துடைத்தாள்.

“முடிஞ்சிருச்சா மிஸ்?” தலைமையாசிரியை தலையைத் தூக்காமலே கேட்டார். “சரி, கிளம்புங்க. சொல்லி அனுப்புறோம்.”

“மணி அடிக்கட்டும் மேடம்.”

திரும்பாமலே சொன்னாள்.

குனிந்து, உருண்டு போயிருந்த பாதி சாக்பீஸை எடுத்தாள். புடவை மடிப்பு கலைந்தது. ஈரத்தில் சாக்பீஸ் சரியாகப் பிடிக்கவில்லை. அழுத்தி அழுத்தி, அடுத்த பாடத்தின் தலைப்பைக் கோணலாக எழுதினாள்.

முதுகுக்குப் பின்னால் பேனா மூடிகள் திறக்கும் சத்தம் கேட்டது.