கெல்த்து, கிலித்

பாக்தாத் யூதர்கள் அரபியில் ‘சொன்னேன்’ என்பதை வீட்டுக்குள் ‘கெல்த்து’ என்பார்கள். வெளியே முஸ்லிம்களிடம் மட்டும் ‘கிலித்’ என்பார்கள். இந்த ஒரே வித்தியாசத்தை வைத்து மூன்று தொகுதிகள் எழுதி, போகிற மேடையெல்லாம் முழங்கிக்கொண்டிருந்தவர் பேராசிரியர் ஷாவுல்.

ஆஸ்பத்திரியில் கிடந்த அவருடைய அம்மா ரஹ்மா ஒரு மாலை கண்விழித்து, “தண்ணி வேணும்னு கிலித்” என்றாள். ஷாவுலுக்குப் புல்லரித்தது. மகனிடம் பேசும் யூதத் தாயின் வாயில் ‘கிலித்’! தண்ணீரை மறந்து பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். நான்காம் தொகுதியின் முன்னுரையே மனதில் ஓடத் தொடங்கிவிட்டது.

“அம்மா, நம்ம வீட்ல ‘கெல்த்து’ன்னுதானே சொல்லுவோம்?”

அவள் வெளியாளிடம் சிரிப்பதுபோல மரியாதையாகச் சிரித்தாள். “உங்க வீட்டுப் பழக்கம் எனக்கெப்படித் தெரியும், தம்பி? என் பையன் வந்தா கேளுங்க. ரொம்பப் படிச்சவன்.”

பேனா நின்றது. அவர் எழுதிய விதி கொஞ்சமும் பிசகவில்லை.

தம்ளரை அவள் உதட்டில் வைத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, “எப்ப வருவான்?” என்று கேட்டாள்.

“உடனே வரச்சொல்லி கிலித்” என்றார் ஷாவுல், ‘அம்மா’வை விழுங்கிக்கொண்டு. உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை.